புதுப்பிப்பு: அந்த வெளிர்மஞ்சள் பாலைவனப் பூவின் பெயர் கிடைத்துவிட்டது

கலிஃபோர்னியாவின் அன்சா-பொரேகோ பாலைவனத்தில் எடுத்த படத்தைப் போட்டு, இது மொஹாவியா கன்ஃபர்டிஃப்ளோராவா, மென்ட்ஸேலியா இன்வொலுக்ராட்டாவா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். இரண்டும் மழைக்குப் பின் முளைத்து, ஒரே பருவத்தில் விதைவிட்டு மடியும் செடிகள். தள்ளி நின்று பார்த்தால் பிரித்தறிவது கஷ்டம்.

சரி, விடை மொஹாவியாதான். பூவின் உட்புறப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகரந்தத்தாள் இரண்டே இரண்டு. மென்ட்ஸேலியா என்றால் கொத்தாக நிறைய இருக்கும். இதழ்களின் உள்ளே கருஞ்சிவப்புப் புள்ளிகள், கீழிதழில் அதே நிறத்தில் ஒரு திட்டு. மென்ட்ஸேலியா பூவின் அடியில் பச்சை விளிம்போடு வெண்மையான, பல் பல்லான செதில்கள் சூழ்ந்திருக்கும். இதில் அவை இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தேன் விஷயம். மொஹாவியாவில் தேனே கிடையாது. தேனுள்ள மென்ட்ஸேலியாவைப் போலத் தோன்றுவதால் அதே தேனீக்கள் இதற்கும் வருகின்றன. அந்தத் திட்டு பெண் தேனீயைப் போலத் தெரிவதால்தான் ஆண் தேனீக்கள் உள்ளே இறங்குகின்றன என்று தாவரவியலாளர்கள் விளக்குகிறார்கள். எவ்வளவு நுட்பம்!

இரண்டும் ஒரே இடத்தில் பூப்பவை. அதனால் படம் எடுப்பவர்கள் பூவுக்குள் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று கட்டாயம் எடுங்கள்.