அடகுச் சீட்டிலேயே ஒரு சிறுகதை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நானே எழுதி, நானே மின்னூலாக வெளியிடுகிறவன். இப்போது ஒரு சிறுகதையை முழுக்க அடகுச் சீட்டுகளாலேயே சொல்லிப் பார்க்கிறேன். கதைசொல்லி கிடையாது, உரையாடலும் கிடையாது. ‘கல் வைத்த தோடு 1 ஜோடி, மொத்த எடை 6 கிராம், நிகர எடை 5.200’ என்று ஒரு சீட்டு. சில மாதம் கழித்து வளையல், பிறகு தாலிக்கொடி. தேதியையும் தொகையையும் வைத்து, அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு கடிதத்தைச் செருகிவிடலாமா என்று கை அரிக்கிறது. செருகினால் வடிவமே கெட்டுவிடும்.

கதை நடப்பது 1980களின் மதுரையில். அன்றைய தனியார் அடகுக் கடைச் சீட்டில் நகையை எப்படி விவரித்து எழுதினார்கள்? வட்டி விகிதம் அச்சிலேயே இருந்ததா, கையால் எழுதினார்களா? முக்கியமாக, ஏலத்துக்கு முன் வரும் அறிவிப்பின் வாசகம் வேண்டும். கதை அதில்தான் முடிகிறது.

பழைய சீட்டு வைத்திருப்பவர்கள் பெயர், முகவரியை மறைத்துவிட்டுப் படம் அனுப்பினால் போதும். வரைவைப் படித்து, எந்த இடத்தில் புரியாமல் போனது என்று சொல்லவும் இரண்டு பேர் தேவை. ‘அருமை’ என்று மட்டும் சொல்பவர்கள் தயவுசெய்து வேண்டாம், அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.