உண்ணிக் காய்ச்சல்: மருந்து தொடங்கி நாலாம் நாள், நாய் தேறுதா?

களுவாஞ்சிக்குடி மணல்:
மூன்று வயது ஊர்நாய், 14 கிலோ. இரத்தம் சோதித்ததில் எர்லிக்கியா (உண்ணி கடித்துப் பரவும் கிருமி) என்று வந்தது. டொக்சிசைக்கிளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்து இன்று நாலாம் நாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, நேற்று கொஞ்சம் மீனும் சோறும் தின்றது. ஆனால் நாள் முழுக்கப் படுக்கைதான். இது தேறுகிற சோர்வா, வருத்தம் இன்னும் போகவில்லையா?

வாவிக்கரை:
சூடு இறங்கினதை மட்டும் வைச்சு முடிவெடுக்காதீங்க. மருந்து பிடிச்சா 24 - 48 மணித்தியாலத்தில சூடு இறங்கும், சரி. ஆனா உடம்பு கைவிடுற நேரத்திலயும் இறங்கும். 38 - 39.2 பாகைக்குள்ள இருந்து, முரசு (பல் ஈறு) ஈரமா, இளஞ்சிவப்பா இருந்தா நல்லம். முரசை விரலால அமத்தி எடுத்தா வெளுத்த இடம் 2 செக்கனுக்குள்ள சிவக்கணும். சூடு 37.5க்குக் கீழ, காது சில்லென்று, முரசு வெள்ளை எண்டா அண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோங்க. முரசு கறுப்பான நாய் எண்டா கீழ் இமையை இழுத்து உட்பக்க நிறத்தைப் பாருங்க.

மூச்சை நித்திரையில 15 செக்கன் எண்ணி நாலால பெருக்குங்க. 30க்கு மேல நிண்டா இரத்தம் குறைவா இருக்கலாம். பகல் வெக்கையில எண்ணிப் பிரயோசனமில்ல, எல்லா நாயும் இளைக்கும். விடியக்குள்ள எண்ணுங்க.

நான் பெரிசா எடுக்கிற அறிகுறி வேற: எழும்பின உடன முன்னங்காலை நீட்டி நெட்டி முறிச்சு, தலையில இருந்து வால் வரைக்கும் உதறுறது. உடம்பு நோகிற நாய் பெரும்பாலும் அதைச் செய்யாது. தன்னைத்தானே நக்கித் துப்புரவாக்கிறதும், கேற் சத்தத்துக்குக் காதைத் திருப்புறதும் அப்படித்தான். படுக்கை மட்டும் எண்டா பயப்படாதீங்க, சிவப்பணு ஏற வாரக்கணக்கில எடுக்கும்.

கல்முனைக் கடற்காற்று:
மீனுக்கு எந்த நாயும் வாயைத் திறக்கும், அதைக் கணக்கில எடுக்கேலாது. உப்பில்லாத சோறும் அவிச்ச கோழியும் வையுங்க. கெஞ்சாமல் இரண்டு நேரம் தொடர்ந்து தின்றால்தான் பசி வந்திருக்கு. வெங்காயம் போட்ட கறி வேண்டாம், அது சிவப்பணுவை உடைக்கும். நம்ம பக்கம் தயிர்ச்சோறு வைக்கிற பழக்கம் இருக்கே, அதுக்கும் மாத்திரைக்கும் 2 மணித்தியாலமாவது இடைவெளி விடுங்க; கல்சியம் மருந்தைப் பிடிச்சு வைச்சிடும். வெறும் வயிற்றில கொடுத்தா சத்தி எடுக்கும். மாத்திரை தொண்டையில ஒட்டினா புண்ணாகும், பின்னால தண்ணி கொடுங்க.

களுவாஞ்சிக்குடி மணல்:
நன்றி. வைத்தியர் 28 நாள் சொன்னார். அதுக்கு முன்னம் துள்ளி விளையாடத் தொடங்கினால் நிறுத்தலாமா?

வாவிக்கரை:
கூடாது. ஒரு கிழமையிலேயே சுகமான மாதிரித் தெரியும், கிருமி உள்ளுக்க கிடக்கும். முடிச்ச பிறகும் இரத்தம் சோதிச்சு பிளேட்லெட் (இரத்தத்தை உறைய வைக்கிற அணு) எண்ணிக்கையைப் பாருங்க. மூக்கால இரத்தம், வயிற்றுத் தோலில சிவப்புப் புள்ளி, தார் மாதிரி மலம் வந்தா காத்திருக்காதீங்க. மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிப் போனா உண்ணியால வாற இன்னொரு கிருமியான பபேசியாவும் சேர்ந்திருக்கலாம், அதுக்கு டொக்சி மட்டும் போதாது. வலிக்கு எண்டு மனுசர்ர ஐபுபுரூஃபன் கொடுத்திடாதீங்க, இரத்தப்போக்கைக் கூட்டும்.

கூட்டின் சுவர் வெடிப்பையும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. உண்ணி முட்டை போடுறது நாயில இல்ல, அங்கதான்.