மறு: சரக்குப் பாதை வேண்டாம், ‘பாரவழி’ என்று வைப்போமா?

வணக்கம் எல்லோருக்கும்,

நான்கைந்து நாட்களாக மடல்களை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், இங்கே நெல் வெட்டு நேரம், உட்கார்ந்து எழுத முடியவில்லை. லொறிகளும் பாரவண்டிகளும் தடங்கல் இல்லாமல் போகத் திட்டமிட்டு அமைக்கும் வீதித் தொடர், அதாவது ‘பிரெயிட் ரூட்’ என்று பொறியியலாளர்கள் சொல்வது, நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று தொடங்கிய இழை இது. ‘சரக்குப் பாதை’ என்று முடித்துவிடப் போகிறீர்கள் போலத் தெரிந்ததால் இன்று எப்படியும் எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

> சரக்குப் பாதை எளிமையானது, எல்லோருக்கும் புரியும், இதிலேயே நிற்கலாம்.

எங்கள் பக்கத்தில் அது வேறொன்றாகப் புரியும் அண்ணா. மட்டக்களப்பில் ‘பாதை’ என்றால் பழைய ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது வீதி இல்லை, வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் துறையில் நின்று ‘பாதை வந்துட்டா’ என்றுதான் கேட்பார்கள். குருமண்வெளி–மண்டூர் துறையிலும் அதே சொல், கிண்ணியாவில் 2009இல் பாலம் வரும் வரை அங்கேயும் அதே சொல். ஒரு திட்ட அறிக்கையில் ‘படுவான்கரைச் சரக்குப் பாதை’ (படுவான்கரை என்பது வாவியின் மேற்குக் கரை) என்று அச்சடித்தால், நெல் மூடை ஏற்ற ஒரு மிதவை வரப்போகிறது என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. ‘சரக்கு’ என்பதும் இங்கே பிள்ளை பெற்ற வீட்டில் அரைக்கிற மருந்துச் சாமான்களைத்தான் முதலில் சொல்லும், ஆனால் அதை நான் பெரிய தடையாகச் சொல்ல மாட்டேன், பத்திரிகைப் பழக்கத்தில் அது சரியாகிவிடும். பாதை அப்படி இல்லை.

‘சரக்குத் தாழ்வாரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தாழ்வாரம் வீட்டில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் இடம். அதில் லொறி ஓடாது. ‘கொரிடோர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளை மட்டும் அகராதியில் பார்த்து எடுத்து வைப்பதால் வரும் சிக்கல் இது.

இழையில் வந்த ‘பெருவழி’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல் எனக்கும் மிகவும் பிடித்தது. பெரும்பாணாற்றுப்படையிலேயே ‘உல்குடைப் பெருவழி’ வருகிறது, சுங்கம் வாங்குகிற, மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் போகிற வணிகப் பெருவழி. பின்னால் சோழர் காலத்து இராசகேசரிப் பெருவழி கல்வெட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று தொழில் வழித்தடத் திட்டங்களுக்கும் பெருவழி என்று பெயர் வைக்கிறார்கள், நல்ல தெரிவு. ஆனால் நாம் பெயர் வைக்கப் போகிற பொருளுக்கு அது பொருந்தாது. ஏன் என்று சொல்ல, ஒரு மூடை நெல் போகிற வழியை அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படுவான்கரையில் ஒரு வட்டை. (வட்டை என்றால் எங்களுக்கு வயல் தொகுதி, தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.) அறுவடை இயந்திரம் கொட்டிய நெல்லை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வாய்க்கால் கரையால் கொண்டுவருவார்கள், அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கரை, வீதி என்றே யாரும் கணக்கெடுக்காதது. அப்புறம் பிரதேச சபையின் கிரவல் வீதி. அதன் பிறகு மாகாணத் திணைக்களத்தின் சி அல்லது டி தர வீதி. பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்தால்தான் ஏ4 பிரதான வீதி, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. கல்லடியில் 2013இல் திறந்த புதுப் பாலத்தால் நகரத்துக்குள் வந்து, ஏ15இல் வாழைச்சேனை, ஓட்டமாவடி, அதைத் தாண்டி ஏ11இல் திரும்பி வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை ஆலை. ஒரே மூடை, ஒரே நாள், நான்கு சொந்தக்காரர்களின் வீதி. மட்டக்களப்புக்கு ரயில் இருந்தாலும் அது அங்கேயே முடிந்துவிடுகிறது, அம்பாறை மாவட்டத்துக்குள் தண்டவாளமே இல்லை. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் வருகிற சீமெந்து, உரம், மா எல்லாமே கடைசியில் சில்லில்தான் வருகின்றன.

இந்த வழியில் பெரிய வீதி இப்போது மோசமில்லை, காபட் (தார்க் கலவை) போட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டமாவடியில் ரயிலும் லொறியும் ஒரே இரும்புப் பாலத்தில் முறை வைத்துப் போன காலமும் போய்விட்டது. பாரம் நிற்பது சின்ன இடத்தில். ஆறு சில்லு லொறி வட்டை வரை போக முடியாமல் சந்தியில் நிற்கிறது, ஏனென்றால் இடையில் ஒரு பழைய மதகு (வீதிக்குக் கீழால் தண்ணீர் போக விட்ட சின்னப் பாலம்) அந்த எடையைத் தாங்காது. அதனால் மூடையை உழவு இயந்திரத்தில் ஏற்றி, சந்தியில் இறக்கி, மறுபடி லொறியில் ஏற்ற வேண்டும். இரண்டு முறை ஏற்று கூலி, இரண்டு முறை இறக்கு கூலி. அந்தக் காசை ஆலைக்காரர் கொடுப்பதில்லை, நெல் விலையில் குறைத்துக்கொள்கிறார், கடைசியில் விவசாயிதான் கொடுக்கிறார். போன பெரும்போகத்தில் எங்கள் நெல்லுக்கும் இதுதான் நடந்தது. சந்தியில் இறக்கி வைத்த மூடைகளில் இரவு மழை பிடித்து அடி வரிசை முழுக்க நனைந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், இந்த மதகை எந்தச் சொல்லால் கணக்கில் சேர்ப்பது? பெருவழி என்று சொன்னவுடன் கண் ஏ4க்கும் ஏ11க்கும் போய்விடும். பெருவழித் திட்டம் என்று ஒரு வரைபடம் போட்டால் அதில் தடித்த கோடு நான்கு இருக்கும், வாய்க்கால் கரை இருக்காது. எனக்குத் தேவையான சொல், வட்டையிலிருந்து ஆலை வரை, துறைமுகத்திலிருந்து கடை வரை, பாரம் போகிற முழு வழியையும், சொந்தக்காரர் யார் என்று பார்க்காமல், ஒன்றாகப் பிடிக்கிற சொல். அதில் மிகச் சின்ன மதகுக்கும் மிகப் பெரிய பாலத்துக்கும் ஒரே உரிமை இருக்க வேண்டும். ஏனென்றால் லொறிக்கு இரண்டும் ஒன்றுதான், எது தாங்காதோ அதுதான் அந்த வழியின் அளவு.

அதனால்தான் ‘பாரவழி’.

பாரம் + வழி. இலங்கையில் லொறிக்குப் பாரவூர்தி என்ற சொல் ஏற்கெனவே பத்திரிகையிலும் அறிவித்தல்களிலும் புழங்குகிறது, பாரவூர்தி போகிற வழி பாரவழி என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பேச்சிலும் லொறிக்காரர்கள் சுமை ஏற்றினேன் என்று சொல்வதில்லை, ‘பாரம் ஏத்தினன்’, ‘பாரத்தோட வாறன்’ என்றுதான் சொல்வார்கள். கூட்டுச்சொல்லும் இலகுவாக வரும்: பாரவழி வலையமைப்பு, பாரவழி வரைபடம், பாரவழித் தரம்.

> பாரம் வடசொல். சுமைவழி என்றால் என்ன குறை?

அக்கா, உங்கள் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சுமை என்று கேட்டவுடன் எங்கள் காதில் தலைச்சுமை, தோள்சுமை, மனிதர் சுமப்பது. சுமைவழி என்றால் ஒற்றையடித் தடம் போல இருக்கிறது. தவிர, சாரதிகள் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டு வேறொன்றை வைத்தால் அது நம் பட்டியலில் மட்டும்தான் வாழும். வடசொல் என்பதற்காகப் பாரத்தை விலக்கினால் பாரவூர்தியையும் விலக்க வேண்டும், அது நடக்காது.

இந்தச் சொல்லோடு சேர்த்து இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும். ஒரு லொறியின் மொத்த எடை எவ்வளவு என்பதைவிட ஒவ்வொரு அச்சின் மேலும் எவ்வளவு எடை இறங்குகிறது என்பதுதான் வீதியை உடைப்பது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா ஊருக்கு அருகே சோதனை வீதிகள் போட்டு, அவற்றில் லொறிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த முக்கியமான முடிவு, அச்சின் எடை கூடும்போது சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 20 வீதம் கூட ஏற்றினால் சேதம் சுமார் இரண்டு மடங்கு. கணக்கிடுவதற்கு அளவாக வைத்துக்கொண்ட அச்சு 18,000 இறாத்தல், அதாவது 8 தொன்னுக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு அச்சின் மேலும் இறங்குகிற எடைக்கு ‘அச்சுச்சுமை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், நான் ‘அச்சுப்பாரம்’ என்று வைக்கச் சொல்கிறேன், பாரவழியோடு ஒரே குடும்பமாக இருக்கும்.

அச்சு என்ற சொல்லைப் பற்றி யாரும் தயங்க வேண்டாம். மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு இறும் என்ற குறள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது புறநானூறு 102. அதில் உமணர், அதாவது உப்பு வணிகர், பாரம் பெரிது, வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யார் அறிவார் என்று வண்டியின் கீழ் மரத்தில் ‘சேம அச்சு’ கட்டிக்கொண்டு போகிறார்கள். வழி தாங்குமா என்பது தெரியாமல் பாரம் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவரின் கவலை அதில் அப்படியே இருக்கிறது. கண்டி–மஹியங்கனை வீதியின் 18 வளைவில் இறங்கி வருகிற அக்கரைப்பற்று லொறிக்காரருக்கு இன்றும் அதே கவலைதான்.

மூன்றாவது, தாம்போதி. இதைத் ‘தரைப்பாலம்’ என்று மாற்ற வேண்டும் என்ற பரிந்துரையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். வெள்ளம் மேலால் பாய்ந்து போக விட்டுக் கட்டிய தாழ்வான வீதித் துண்டுக்கு இங்கே சிறு பிள்ளைக்கும் தெரிந்த சொல் தாம்போதி. கல்முனைப் பக்கத்தையும் நாவிதன்வெளியையும் இணைக்கிற கிட்டங்கித் தாம்போதி மழைக் காலத்தில் மூழ்கும்போது அந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சாமானும் நின்றுவிடும், ஆட்களும் நின்றுவிடுவார்கள். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்தபோது உழவு இயந்திரத்தில் கடந்த மத்ரசாப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அது அம்பாறையிலிருந்து கரைக்கு வருகிற பிரதான வீதி, நாள் முழுக்கப் பாரம் போகிற வீதி. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் எழுதக் கை வரவில்லை. ஆகவே பாரவழித் தரம் என்று வரையறுக்கும்போது அகலம், அச்சுப்பாரம், வளைவு ஆகியவற்றோடு, வெள்ளத்தில் எத்தனை நாள் மூடியிருக்கும் என்பதும் அதற்குள் வர வேண்டும். வருடத்தில் பத்து நாள் நீருக்குள் இருக்கிற வழி, அந்தப் பத்து நாளும் பாரவழி இல்லை.

‘பொட்டில்நெக்’ என்பதற்குப் போத்தல் கழுத்து என்று எழுதியதை விட்டுவிடலாம். ‘இடுக்கு’ போதும் என்று நினைக்கிறேன், பாரவழி இடுக்கு. மதகு, ஒடுங்கிய சந்தி, தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, எல்லாமே அதில் வரும். அறுவடை நேரம் வீதியில் பாதியை நெல் காயப்போட எடுப்பதையும் சேர்க்கலாம், ஆனால் அதற்கு விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், காயவைக்கக் களம் இல்லாதவர் வேறு எங்கே போவார், வெயிலில் சூடாகிற காபட் வீதியைவிட நல்ல களம் அவருக்கு இல்லை.

நேற்று என் பெரிய மாமாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் முப்பது வருடம் நெல் லொறி ஓடியவர். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, ‘பாரவழி என்று ஒரு சொல் வைக்கப் போறம் மாமா’ என்று மட்டும்தான் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ‘அப்ப எங்கட வட்டைக்குப் போற மதகு பாரவழிக்குள்ள வருமா, வராதா?’

அந்த ஒரு கேள்வியோடு நான் முடிவுக்கு வந்துவிட்டேன்.

பட்டியலில் சேர்க்க என் பரிந்துரை இப்படி: பாரவழி, அச்சுப்பாரம், பாரவழி இடுக்கு, தாம்போதி. நெடுந்தூர லொறிக்காரர்கள் இரவில் ஒதுக்கி நிறுத்தித் தூங்கும் வீதியோர இடத்துக்கு ‘தரிப்பிடம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது பஸ்ஸுக்கும் காருக்கும் பொதுவாகப் போய்விட்டது, தங்கி ஓய்வெடுப்பது அதில் வரவில்லை. வணிகர் தங்கிப் போகிற இடத்துக்குத் ‘தாவளம்’ என்ற பழைய சொல் இருக்கிறது, அது இன்றைய சாரதிகளுக்குப் புரியுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை கல்முனையில் லொறி நிற்கிற இடத்துக்குப் போய் அவர்கள் என்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். ஓட்டமாவடி, ஏறாவூர், பொத்துவில் பக்கத்து நண்பர்களும் உங்கள் ஊர் லொறிக்காரர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், அதுவரை அந்த வரியை மட்டும் வெறுமையாக விட்டுவையுங்கள்.

அன்புடன்,
களுவாஞ்சிக்குடியிலிருந்து