மழைக்கால உடற்கல்விப் பாடத்துக்கு வீடியோ கேம்: எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சரிவருமா?

துணுக்காய் ரீச்சர்:

வணக்கம். மல்லாவிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். தரம் 6 முதல் 11 வரை எல்லா வகுப்பும் என்னிடம்தான். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று காசு சேர்த்திருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகள் விளையாடிவிட்டு வைத்திருக்கும் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் பெட்டி ஒன்றையும் அதன் கினெக்ட் கமராவையும், நின்டெண்டோ வீ என்ற இன்னொரு பெட்டியையும் அனுப்புகிறோம், கூடவே ஒரு பெரிய ரிவியும் வாங்கித் தருகிறோம், உடற்கல்விப் பாடத்துக்குப் பாவியுங்கள் என்கிறார்கள். ரிமோட்டைப் பிடித்துக் கையை வீசினால் திரையில் ரெனிஸ் பந்து போகும், கமராவுக்கு முன்னால் குதித்தால் திரையில் இருக்கும் உருவமும் குதிக்கும். அந்த வகை விளையாட்டு. அதிபர் முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்.

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஐப்பசி பிறந்தால் எங்கள் மைதானத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்கிவிடும். மார்கழி முடியும் மட்டும் கால் வைக்க ஏலாது. அந்த மாதங்களில் உடற்கல்விப் பாடம் என்றால் வகுப்பறையில் இருந்து குறிப்பு எழுதுவதுதான். கரப்பந்து மைதானம் 18 மீற்றருக்கு 9 மீற்றர் என்று எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். பந்தைத் தொட்டு எத்தனை வாரம் ஆகிறது என்று கேட்டால் தலையைக் குனிகிறார்கள். பிறகு தை, மாசியில் இல்ல விளையாட்டுப் போட்டி வருகிறது. மாதக்கணக்கில் ஓடாத பிள்ளைகளை 800 மீற்றர் ஓட விடும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மழை இல்லாத காலத்திலும் மைதானம் எல்லாருக்கும் உரியதாக இல்லை. தரம் 9 க்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் வேப்பமரத்தின் கீழ் இருந்துவிடுகிறார்கள். வயிற்றுவலி என்பார்கள், தலையிடி என்பார்கள். நான் வற்புறுத்துவதில்லை, காரணம் வேறு என்று எனக்கும் தெரியும். தரம் 8 இல் ஒரு பையன் சக்கர நாற்காலியில் வருகிறான். மணலில் சில்லுப் புதைந்துவிடும் என்பதால் மைதானத்து ஓரத்தில் இருந்து ஸ்கோர் எழுதுவதே அவன் வேலையாகிவிட்டது. கரப்பந்து விதிகளை அந்த வகுப்பில் அவனைப் போல வடிவாக அறிந்தவர் இல்லை. ஆனால் பாடம் முடிந்து வியர்த்து விறுவிறுத்துப் பைப்படிக்கு முகம் கழுவ ஓடுகிற கூட்டத்தில் அவன் ஒருநாளும் இருந்ததில்லை. இதை நினைத்துத்தான் அந்தப் பெட்டிகளை வாங்கலாமோ என்று யோசிக்கிறேன்.

என்னைத் தடுப்பது ஒரு கணக்கு. பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 36 பேர். அழைத்துப் போய், பூட்டைத் திறந்து, வயரைச் செருகி, திரும்பக் கொண்டுவந்து விடப் பத்து நிமிடம் போகும். மிச்சம் 30. நான்கு நான்கு பேராக விளையாட விட்டால் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் சொச்சம். அந்த மூன்று நிமிடமும் மற்ற 32 பேர் இருந்து பார்ப்பார்கள். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு முன்னால் மூன்று நிமிடத்தை வைத்து நான் என்ன செய்ய?

பள்ளிக்கூடத்தில் இவற்றைப் பாவித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் அசைய வைக்க வழி உண்டா? இல்லையென்றால் அந்தக் காசை வேறு எதற்குக் கேட்பது?

வவுனியா சேர்:

ரீச்சர், கணக்கு சரி. அதனால்தான் ரிமோட்டைப் பிள்ளைகளின் கையில் மாறி மாறிக் கொடுக்கிற முறையை நாங்கள் விட்டோம். எங்கள் மண்டபத்தில் நடன விளையாட்டு ஒன்றைத் திரையில் போடுவோம். ஒருவரிடம் மட்டும் ரிமோட், மற்ற எல்லாரும் வரிசையாக நின்று திரையில் ஆடுபவரைக் கண்ணாடியில் பார்ப்பது போலப் பின்பற்றி ஆட வேண்டும். புள்ளி ஒருவருக்குத்தான் விழும், வியர்வை எல்லாருக்கும். இடம் போதாவிட்டால் பாதி வகுப்பு திரைக்கு முன்னால், மற்றப் பாதி பின்னால் கயிறடித்தல். பாட்டு முடிய இடம் மாற வேண்டும்.

எந்த விளையாட்டு என்பதும் முக்கியம். வீயோடு வருகிற விளையாட்டுகளில் குத்துச்சண்டை நன்றாக மூச்சு வாங்க வைக்கும். போலிங், கோல்ப் இரண்டும் உடம்புக்கு ஒன்றுமே செய்யாது. ரெனிஸில் பிள்ளைகள் கெதியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், மணிக்கட்டைச் சுண்டினால் காணும் என்று. அப்புறம் கதிரையில் இருந்தபடியே வெல்வார்கள். நான் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கழுத்து நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுவேன். எந்த விளையாட்டு உண்மையில் வேலை வாங்குகிறது என்று பிள்ளைகளே கொப்பியில் எழுதிக் காட்டினார்கள். இதயத் துடிப்புப் பாடமும் அதோடு முடிந்தது.

அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலம் 2006 இல் தன் 765 அரச பள்ளிக்கூடங்களுக்கும் டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன் கொண்டுபோகத் திட்டம் போட்டது. நிலத்தில் விரித்த பாயில் அம்புக்குறிகளை மிதிக்கிற அந்த விளையாட்டுத்தான். மைதானத்தில் பின்னுக்கு நிற்கிற பிள்ளைகளை உள்ளே இழுக்கலாம் என்பதுதான் அவர்களின் எண்ணம். எங்களிடமும் அது ஓரளவு நடந்தது. ஆனால் ஒரே பாட்டுகளையே போட்டால் ஒரு தவணைக்குள் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். இதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

கரண்ட் தம்பி:

ரீச்சர், நான் கிளிநொச்சியில் ரிவி, கணினி திருத்துகிறவன். பெட்டி வந்து சேர்ந்ததும் யாரையும் செருக விடாதீர்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அங்கே வாங்கிய எக்ஸ்பாக்ஸ் 360 இன் பவர் கட்டி அந்த 120 க்குச் செய்தது. நேரே செருகினால் அதோடு சரி. இறக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் தாங்கக்கூடிய அளவில். வீ சுலபம். அதற்குள் போவது 12 வோல்ட்தான், 230 க்கான அடப்டர் ஒன்று வாங்கினால் போதும். ஆனால் வீயின் டிஸ்க்குகள் பிராந்தியத்துக்குப் பூட்டப்பட்டவை. ஐரோப்பாவுக்கு வெளியிட்ட டிஸ்க் கனடா வீயில் ஓடாது. விளையாட்டுகளையும் அங்கிருந்தே அனுப்பச் சொல்லுங்கள்.

கினெக்ட்டைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. அது அகச்சிவப்பு ஒளியை வீசித்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. எங்கள் பள்ளிக்கூடங்கள் அரைச்சுவர். வெயில் நேரே விழுந்தால் அதற்குக் கண் தெரியாது. ஒருவர் ஆட 6 அடி, இருவர் ஆட 8 அடி தள்ளி நிற்க வேண்டும், பெரும்பாலான கினெக்ட் விளையாட்டுகளில் ஒரே நேரத்தில் ஆடக்கூடியதும் இருவர்தான். 2017 இல் கினெக்ட் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், பழுதானால் அதோடு முடிந்தது. பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டரைவிட ரிவி தெளிவாக இருக்கும். ஐப்பசி இடிமழைக்கு எல்லா வயரையும் கழற்றி விடுங்கள், சுவிட்சை மட்டும் நிற்பாட்டினால் போதாது.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, புதுக்குடியிருப்பு:

ரீச்சர், உங்கள் அக்கறை விளங்குகிறது. ஆனாலும் பெற்றோர் பக்கத்தில் நின்று சொல்கிறேன். வீட்டில் போனைப் பறித்து வைக்க நாங்கள் படும் பாடு பெரிது. பள்ளிக்கூடமே திரைக்கு முன்னால் நிறுத்தினால், "சேர் சொல்லித்தானே விளையாடுகிறேன்" என்று பிள்ளை சொல்லும்.

ஆராய்ச்சிகளும் பெரிதாக நம்பிக்கை தரவில்லை. 2007 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. வீ விளையாடும் பிள்ளைகள் இருந்து விளையாடுவதைவிடக் கூடச் சக்தி செலவழிக்கிறார்கள், ஆனால் அதே விளையாட்டை உண்மையில் ஆடும் அளவுக்கு இல்லை என்றது. 2012 இல் அமெரிக்காவின் ஹியூஸ்டனில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு அசைந்து ஆடும் விளையாட்டையும் மற்றவர்களுக்கு இருந்து ஆடும் விளையாட்டையும் வீட்டுக்குக் கொடுத்து, இடுப்பில் அளவுக்கருவி கட்டிப் பார்த்தார்கள். இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் வரவில்லை.

கிளித்தட்டுக்கு என்ன செலவு? நிலத்தில் கோடு கீறினால் போதும். மறிப்பவரும் ஓடுவார், தாண்டுபவரும் ஓடுவார், இருந்து பார்க்க ஆள் இருக்காது. அந்தக் காசில் மைதானத்துக்கு கிரவல் போட்டு, தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டித் தரச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தப் பெட்டி இருக்குமோ தெரியாது, மைதானம் இருக்கும்.

இயன்மருத்துவர்:

அப்பா சொன்ன ஹியூஸ்டன் ஆய்வு வீட்டில் தானாக விளையாட விட்டதைப் பற்றியது. ஆசிரியர் நின்று நடத்தும் பாடத்துக்கு அதை அப்படியே பொருத்த வேண்டாம். மைதானத்தைப் பற்றி அவர் சொன்னதை நானும் சொல்லுவேன். ஆனால் மைதானம் எவ்வளவு திருந்தினாலும் அந்தத் தரம் 8 பையன் அதன் ஓரத்தில்தான் இருப்பான், நான் அவனுக்காக எழுதுகிறேன்.

வீ ரிமோட் கையின் அசைவை மட்டும்தான் பார்க்கும், ஆள் நிற்கிறாரா இருக்கிறாரா என்று அதற்குக் கவலையில்லை. கினெக்ட் விளையாட்டுகளில் பெரும்பாலானவை நிற்கும் உடம்பை எதிர்பார்ப்பவை. ஆகவே ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் வீயை வாங்குங்கள். சில்லுகளின் பிரேக்கைப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நிற்க, இருந்தபடி குத்துச்சண்டை ஆடட்டும். இரண்டு கையும் வேலை செய்யும், தோளும் வயிற்றுத் தசையும் வேலை செய்யும். அவனை மட்டும் தனியாக இருத்தாதீர்கள். எதிரில் ஆடுபவரும் கதிரையில் இருக்க வேண்டும், அப்போதுதான் போட்டி நியாயம். தோள் வலித்தால் நிற்பாட்டச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி தள்ளும் பிள்ளைக்குத் தோள்தான் கால்.

எந்த வகுப்பையும் திரைக்கு முன்னால் விட முன்னர், வலிப்பு வந்த பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். மின்னி மின்னி மறையும் காட்சிகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

துணுக்காய் ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு முறை வாசித்தேன்.

உங்கள் பதில்களைப் பார்த்த பிறகு தரம் 10 பெண்பிள்ளைகளை நூலகத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். திரையைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கதைக்கவில்லை. உடுப்பு மாற்றக் கதவு உள்ள ஒரு அறை வேண்டும், ஆண்பிள்ளைகள் வெளியில் நின்று பார்க்கக் கூடாது, இந்த இரண்டும் இருந்தால் கரப்பந்தும் ஆடுவோம், நடனமும் ஆடுவோம் என்றார்கள். மழைக்காலத்தில் மண்டபத்துக்குள் ஆட நிறைய விருப்பம். வவுனியா சேர் சொன்ன முறையில் எல்லாரும் திரையைப் பார்த்தே ஆடுவதென்றால் அதற்குப் பெட்டியே தேவையில்லை என்று எனக்குப் பட்டது. எங்கள் நடன ரீச்சர் கும்மியும் கோலாட்டமும் கொஞ்சம் வேகமான தாளத்தில் ஆட, அதைப் போனில் பிடித்து ரிவியில் போடலாம். அலுத்தால் புதிதாக ஒன்று பிடிக்கலாம். ரீச்சரும் சம்மதித்துவிட்டார்.

அதனால் ரொறன்ரோவுக்கு எழுதிவிட்டேன்: எக்ஸ்பாக்ஸும் கினெக்ட்டும் வேண்டாம். வீயும் இரண்டு சோடி ரிமோட்டும் அதன் டிஸ்க்கும் அனுப்புங்கள், அடப்டரை இங்கே வாங்குகிறோம். ரிவியும் ஒரு ஸ்பீக்கரும் வேண்டும், ரிவி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மிச்சக் காசு முதலில் உடுப்பு மாற்றும் அறைக்கு, பிறகு மைதானத்து வாய்க்காலுக்கு. புதுக்குடியிருப்பு அண்ணா, கிரவலுக்கு அந்தக் காசு காணாது, அதைப் பெற்றோரிடம் கேட்கப் போகிறேன். வாய்க்கால் வெட்ட ஒரு சனிக்கிழமை சிரமதானம் வைக்க அதிபர் ஓம் என்கிறார்.

கரண்ட் தம்பி, மண்டபத்தில் பிளக் பொயின்ட் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மேடைக்குப் பின்னால். பிள்ளைகள் ஆடும் இடத்துக்குக் குறுக்கே வயர் இழுக்காமல் ரிவியை முன்பக்கம் வைக்க என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

கரண்ட் தம்பி:

வயரை நிலத்தில் இழுக்கவே வேண்டாம் ரீச்சர். சுவரோடு மேலே பைப் போட்டுக் கொண்டுவந்து முன்பக்கத்தில் ஒரு பொயின்ட் அடித்துத் தருகிறேன், அதற்குத் தனி டிரிப் சுவிட்சும் வைப்போம். மல்லாவிக்கு அடுத்த கிழமை வேலையாக வருகிறேன். மண்டபத்தின் நீள அகலத்தை மட்டும் அளந்து போடுங்கள், சாமான் கொண்டு வருகிறேன்.