அப்பா அம்மாவை சவூதிக்கு விசிட்ல கூட்டிட்டு வரணும்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க கவனத்துக்கு

கேள்வி: அரூர், இப்போ ரியாத்

வணக்கம். இக்காமா (சவூதியில தங்கி வேலை செய்யற அனுமதி அட்டை) கைக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. அப்பாவுக்கு 61, அம்மாவுக்கு 48. ரெண்டு பேரும் பத்தாவது வரைக்கும் படிக்கல, பாஸ்போர்ட் புதுசா எடுத்தது. மாங்கா அறுப்பு சமயத்துலயே, மே மாசம், கூட்டிட்டு வந்து ரெண்டு மாசம் வச்சுக்கலாம்னு இருக்கேன். அம்மாவுக்கு சுகர், கால் எரிச்சலுக்கும் மாத்திரை சாப்பிடறாங்க. எங்க ஆரம்பிக்கறது, எதுல எல்லாம் மாட்டுவாங்க?

பாலக்கோடு – ரியாத்

தம்பி, சைட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க: உங்களோடது, அப்பாவோடது, அம்மாவோடது. உங்க பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல அப்பா பேர், அம்மா பேர் இருக்கும். அந்த எழுத்தும் அவங்க பாஸ்போர்ட் முதல் பக்கத்துல இருக்கற எழுத்தும் ஒண்ணா இருக்கணும். நம்ம பக்கம் அடிக்கடி இடிக்கிறது இங்கதான். ஒண்ணுல பேரோட "அம்மாள்" இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. ஒண்ணுல இனிஷியல் மட்டும், இன்னொண்ணுல தாத்தா பேர் முழுசா. இவங்கதான் அப்பா அம்மான்னு காட்டற ஆதாரமே அந்தப் பேர்தான், அதனால வித்தியாசம் இருந்தா முதல்ல பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ போட்டுத் திருத்துங்க. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்கு மேல செல்லுபடியா இருக்கணும்.

அப்புறம் வழி இதுதான். நஃபாத் (சவூதி அரசோட அடையாள லாகின் ஆப்) மூலமா லாகின் பண்ணி, சவூதி வெளியுறவு அமைச்சக விசா தளத்துல குடும்ப விசிட்டுக்கு நீங்கதான் விண்ணப்பிக்கணும். உங்க இக்காமா காலாவதியாகக் கிட்ட இருந்தா முதல்ல புதுப்பிச்சுடுங்க. அனுமதி வந்ததும் ஒரு நம்பர் கிடைக்கும். அதை வச்சு ஊர்ல இருந்து பாரம் பூர்த்தி பண்ணி, கட்டணமும் இன்சூரன்ஸும் கட்டி, தஷீர் மையத்துல (சவூதி விசா விண்ணப்பம் வாங்கற மையம்) அப்பாயின்ட்மென்ட் எடுக்கணும். எடுக்கும்போது வர்ற பட்டியல்ல உங்க ஊருக்குக் கிட்ட எந்த மையம், எங்க சீக்கிரம் தேதி கிடைக்குதுன்னு பார்த்துப் போடுங்க. அரூர்ல இருந்து சென்னைன்னா விடியக்காலையிலேயே கிளம்பணும். காலை 9 மணி ஸ்லாட்டுக்கு அன்னிக்கே வந்துடலாம்னு நினைக்காதீங்க, முந்தின நாளே போய்த் தங்கறது நல்லது.

அங்க கைரேகை, போட்டோ எடுப்பாங்க. பெரியவங்க ரெண்டு பேரும் நேர்ல போகணும். புளி உடைச்சு, களை எடுத்து, கல்லு மண்ணுல பாடுபட்ட கைக்கு ரேகை தேஞ்சு போயிருக்கும். ரேஷன் கடை மெஷின்ல அம்மாவுக்கு ரேகை விழாம திரும்பத் திரும்ப வைக்கச் சொல்றாங்கன்னா இங்கயும் அதே பாடுதான். பத்து நாள் முன்னாடியே ராத்திரி படுக்கும்போது விரல் நுனியில தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்க, அந்த வாரம் புளி, சுண்ணாம்பு, சோப்புத்தூள் தொட வேண்டாம். மருதாணியும் வேண்டாம். போற அன்னிக்கு எண்ணெய் இல்லாம கையை நல்லா கழுவித் துடைச்சுட்டுப் போகணும்.

விசா முந்தி மாதிரி பாஸ்போர்ட்ல ஸ்டிக்கரா வராது. 2023 மே மாசத்துல இருந்து கியூஆர் கோட் போட்ட காகிதம்தான். நாலு பிரதி எடுத்து ரெண்டு பேர் கைப்பையிலயும் தனித்தனியா வைங்க.

ஓசூர் – தம்மாம்

விசா காகிதத்துல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, அதைக் குழப்பிக்கிறவங்கதான் அபராதம் கட்டறாங்க. ஒண்ணு, எந்தத் தேதிக்குள்ள சவூதிக்குள்ள வரணும்ங்கறது. இன்னொண்ணு, வந்த நாள்ல இருந்து எத்தனை நாள் தங்கலாம்ங்கறது. "விசா ஆகஸ்ட் வரைக்கும் இருக்கு"ன்னு பார்த்துட்டு ஆகஸ்ட் வரைக்கும் தங்கலாம்னு எடுத்துக்கக் கூடாது. நாளைக் கையால எண்ணவும் வேண்டாம். இஸ்லாமியக் காலண்டரான ஹிஜ்ரியில மாசம் 29 நாளும் வரும், 30 நாளும் வரும், அதனால நம்ம காலண்டர் கணக்கு ஒண்ணு ரெண்டு நாள் தவறும். அவங்க இறங்கினதும் உங்க அப்ஷர்ல (சவூதி உள்துறையோட ஆன்லைன் தளம்) காட்டற தேதியைப் பாருங்க, அதுதான் கணக்கு.

2025 பிப்ரவரியில இந்தியா உட்பட 14 நாட்டுக்காரங்களுக்கு மல்டிபிள் என்ட்ரியை (ஒரே விசாவுல பல தடவை போய் வர்றது) நிறுத்தி சிங்கிள் என்ட்ரி (ஒரே தடவை) ஆக்கினாங்க. யாராவது "வருஷ விசா எடுத்துக்கலாம், பஹ்ரைன் பாலம் போயிட்டு வந்தா போதும், நாள் புதுசா ஆரம்பிக்கும்"னு பழைய கதை சொன்னா நம்பி டிக்கெட் போடாதீங்க. உங்க காகிதத்துல என்ன அச்சாகியிருக்கோ அதுதான்.

கூடுதல் நாள் வேணும்னா அப்ஷர்லயே நீட்டிக்கலாம். முடியறதுக்கு முந்தின 7 நாளுக்குள்ளதான் அந்த வசதி திறக்கும், கட்டணம் 100 ரியால். ஆனா நீட்டிக்கிற காலத்துக்கு இன்சூரன்ஸ் முதல்ல வாங்கியிருக்கணும், இல்லைன்னா பொத்தானை அழுத்தினாலும் நகராது. மொத்தம் 180 நாளைத் தாண்ட முடியாது.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. அது அவசரத்துக்குத்தான். சுகர் செக்கப், மாசாமாசம் மாத்திரை எல்லாம் அதுல வரும்னு எதிர்பார்க்காதீங்க.

நாள் தாண்டினா பொறுப்பு வந்தவங்களோட நிக்காது, கூப்பிட்ட உங்க தலையில விழும். விசிட்ல வந்தவங்க காலம் முடிஞ்சும் போகலைன்னு தகவல் சொல்லாத வெளிநாட்டுக்காரருக்கு 50,000 ரியால் வரை அபராதம், ஆறு மாசம் வரை சிறை, நாடு கடத்தல்னு சவூதி உள்துறை அறிவிச்சிருக்கு. விமானம் ரத்து, உடம்பு சரியில்லைன்னு எது வந்தாலும் தேதி முடியறதுக்கு முன்னாடி நீட்டிச்சுட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க.

ஊத்தங்கரை – ஜித்தா

கொண்டு வர்ற பை விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுலதான் பயம் அதிகம், ஏன்னா ஊர்ல பை கட்டறது அம்மா.

கசகசா. ஒரு ஸ்பூன் கூட வரக்கூடாது. நம்ம வீட்டுல கறிக்குழம்புக்கும் குருமாவுக்கும் அரைக்கிற சாதாரணப் பொருள், அங்க அது போதைச் செடியோட விதை, தடை செய்யப்பட்டது. "கசகசா கொண்டு வராதம்மா"ன்னு சொன்னா மட்டும் போதாது. வீட்டுல அரைச்ச குருமாப் பொடியில போட்டிருப்பாங்க, அதைத் தனியா நினைச்சே பார்க்க மாட்டாங்க. கடையில வாங்கின மசாலா பாக்கெட்டோட பின்பக்கம் பொருள் பட்டியலையும் படிக்கணும். பழைய அஞ்சறைப் பெட்டியை அப்படியே தூக்கிட்டு வந்தாங்கன்னா மூலையில நாலு விதை ஒட்டியிருக்கும். மசாலாவே வேண்டாம்னு சொல்லிடுங்க தம்பி, மிளகாய்த்தூள்ல இருந்து சாம்பார்ப்பொடி வரைக்கும் ரியாத் கடையிலயே கிடைக்குது.

விபூதி, சுக்குப்பொடி, சத்துமாவு, நாட்டு மருந்துச் சூரணம், இதெல்லாம் பேர் இல்லாத கவர்ல முடிச்சுப் போட்டு வந்தா அதிகாரிக்கு வெறும் பொடி, அவ்வளவுதான். கம்பெனி முத்திரை போட்ட பாக்கெட்டா இருந்தா கொண்டு வரலாம், இல்லைன்னா விட்டுடுங்க. சாராய வகை, பன்றி இறைச்சி எதுவும் கூடாது. அப்பா ஹான்ஸ், குட்கா போடறவரா இருந்தா பையில மட்டும் இல்ல, சட்டைப் பாக்கெட்லயும் இருக்கக் கூடாது. சாமி படம் சின்னதா பர்ஸ்ல இருக்கறது வேற, பெரிய படம், சிலை, பத்துப் புத்தகம்னு கொண்டு வர்றது வேற. பொது இடத்துல வழிபாடு கூடாது, வீட்டுக்குள்ள வச்சுக்கணும்.

இப்போ அம்மாவோட கால் எரிச்சல் மாத்திரை. அட்டையைப் பின்பக்கம் திருப்பி, சின்ன எழுத்துல இருக்கற மருந்துப் பேரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. "ப்ரீகாபலின் 75 மி.கி., மீத்தைல்கோபாலமின்"னு இருந்தா நில்லுங்க. நம்ம ஊர்ல சுகர் நரம்பு வலிக்கு சாதாரணமா எழுதிக் கொடுக்கற மருந்து, சவூதியில கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. டிராமடால் கலந்த வலி மாத்திரை, கோடீன் இருமல் மருந்து, அல்பிரசோலாம் மாதிரி தூக்க மாத்திரைக்கும் இதே நிலைமைதான். இதுங்களுக்கு சவூதி உணவு மருந்து ஆணையத்தோட கட்டுப்பாட்டு மருந்து தளத்துல முன்கூட்டியே அனுமதி எடுக்கணும். டாக்டர் சீட்டு, பாஸ்போர்ட் விவரம், மருந்து அளவு எல்லாம் ஏத்தணும். அளவு 30 நாளைக்குத்தான் கிடைக்கும்.

நீங்க கேட்கறது ரெண்டு மாசம். அதனால கிளம்ப ஒரு மாசம் முன்னாடியே ஊர்ல பார்க்கற சுகர் டாக்டர்கிட்ட "சவூதி போறோம், இந்த மருந்து அங்க கட்டுப்பாடு, வேற மாத்தித் தர முடியுமா"ன்னு கேட்கச் சொல்லுங்க. அவங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது, படிப்படியா குறைக்கற மருந்து அது. மாத்த முடியாதுன்னா அனுமதியோட 30 நாளைக்குக் கொண்டு வந்து, மீதிக்கு இங்க டாக்டரைப் பார்க்கலாம்.

மெட்பார்மின், பிரஷர் மாத்திரைக்கு இந்தச் சிக்கல் இல்ல. ஆனா மெடிக்கல்ல கத்தரியால வெட்டித் தர்ற துண்டு அட்டையில பேரும் இருக்காது, தேதியும் இருக்காது. முழு அட்டையா, பெட்டியோட வாங்கச் சொல்லுங்க. டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல, பாஸ்போர்ட்ல இருக்கற அதே பேர்ல, மருந்தோட மூலப்பேர் எழுதி, கையெழுத்து முத்திரையோட இருக்கணும். ஓபி சீட்டுல கிறுக்கினது ஆகாது. எல்லாத்தையும் கைப்பையில வைங்க.

கேள்வி: அரூர், ரியாத்

ரொம்ப நன்றிங்க. அம்மா பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு (குடியேற்ற அனுமதி பார்க்கணும்ங்கற குறிப்பு) போட்டிருக்கு, அப்பாவுக்கு இல்ல. பிரச்சனையா?

பாலக்கோடு – ரியாத்

அப்பா 50 தாண்டினவர், அதனால அவருக்கு வராது. அம்மாவுக்கு வரும். ஆனா குடியேற்ற அனுமதி வேலைக்குப் போறவங்களுக்குத்தான். சுத்திப் பார்க்க, பிள்ளையைப் பார்க்கப் போறவங்களுக்கு வேண்டாம். விசாவும் திரும்பி வர்ற டிக்கெட்டும் கையில இருக்கணும், அதைக் கட்டாயம் கேட்பாங்க. ஒரு வழி டிக்கெட் எடுத்து அனுப்பிடாதீங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன். "விசிட்ல போ, அங்க போய் இக்காமா மாத்திக்கலாம்"னு காசு கேட்கற ஏஜென்ட்டை நம்பாதீங்க. விசிட்ல வேலை செஞ்சா சட்டவிரோதம், சம்பளம் தரலைன்னா கேட்க வழியும் இல்ல. வேலைக்குன்னா இந்திய அரசோட இமைக்ரேட் தளத்துல பதிவு பண்ணின ஏஜென்ட் மூலமா மட்டும் போங்க. அவங்க வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நிலத்தை அடகு வச்சு ஒன்றரை லட்சம் கட்டறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்.

காவேரிப்பட்டணம் – ஜித்தா

மே மாசம்னு சொன்னீங்க, அதைத் தள்ளிப் போடுங்க. ஹஜ் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னாடி நகரும். 2025ல ஜூன் முதல் வாரம், 2026ல மே கடைசி. அந்தச் சமயத்துல விசிட் விசாக்காரங்க மக்காவுக்குள்ள போகவே கூடாது. 2025 அறிவிப்புப்படி போனவருக்கு 20,000 ரியால் வரை, விசா எடுத்துக் கொடுத்தவருக்கு 1,00,000 ரியால் வரை அபராதம். முஸ்லிம் குடும்பங்க "விசிட்ல வந்து அப்படியே ஹஜ்ஜும் முடிச்சுடலாம்"னு திட்டம் போட வேண்டாம். உம்ராவுக்கு (ஹஜ் இல்லாத சின்ன மக்கா யாத்திரை) மத்த மாசத்துல சவூதி அரசோட நுசுக் ஆப்ல அனுமதி எடுத்துப் போகலாம்.

முஸ்லிம் அல்லாதவங்களுக்கு மக்கா எந்த மாசமும் கிடையாது. ரியாத்ல இருந்து ஜித்தாவுக்குக் கார்ல வரும்போது மேப் மக்கா வழியா காட்டும். தாயிஃப் தாண்டி பலகையைப் பார்த்து, ஹரம் எல்லைக்கு (மத்தவங்க தாண்டக் கூடாத மக்கா புனித எல்லை) வெளியே சுத்திப் போற ரோட்டைப் பிடிங்க.

இன்னொண்ணு, மே முதல் செப்டம்பர் வரைக்கும் ரியாத் வெயில் 45 டிகிரியைத் தொடும். தர்மபுரி வெயிலைப் பார்த்தவங்கதான், ஆனா இங்க பகல்ல வாசல்ல காலை வைக்க முடியாது, நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடப்பாங்க. கேழ்வரகு அறுப்பு முடிஞ்சு, பொங்கல் வச்சுட்டுத் தை மாசம் வரட்டும். சாயந்திரம் பார்க்ல நடக்கலாம், அம்மா காலுக்கும் நல்லது.

ஓசூர் – தம்மாம்

பெங்களூரு ஏர்போர்ட்ல இருந்து ஏத்தறதா இருந்தா, அது தேவனஹள்ளியில, ஊருக்கு வடக்கே. நாம தெற்கே இருந்து போறோம். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டுன்னு ஊரையே குறுக்கால கடக்கணும். ஊர்ல இருந்து விமான நேரத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னாடியே கிளம்பச் சொல்லுங்க. டிக்கெட் போடும்போதே ரெண்டு பேருக்கும் வீல்சேர் கேட்டுடுங்க, நடக்க முடிஞ்சாலும் பரவாயில்ல. தள்ளிட்டு வர்றவர் இமிக்ரேஷன் வரைக்கும் கூடவே வருவார், பாஷை தெரியாதவங்களுக்கு அதுதான் துணை. உங்க பேர், போன் நம்பர், வீட்டு முகவரியை அரபியில எழுதின காகிதத்தை அப்பா சட்டைப் பாக்கெட்ல வைங்க.

இறங்கினதும் அவங்களுக்கு ஒரு பார்டர் நம்பர் உருவாகும். சிம் கார்டு வாங்க, விசா நீட்டிக்க எல்லாத்துக்கும் அதுதான் அடையாளம், முதல் நாளே எழுதி வச்சுக்குங்க. திரும்பிப் போற அன்னிக்கு விமானம் ஏத்திவிட்டதோட விடாம, மறுநாள் அப்ஷரைத் திறந்து ரெண்டு பேரும் வெளியேறினதா பதிவாகியிருக்கான்னு பாருங்க. பதிவாகலைன்னா போர்டிங் பாஸை வச்சுக்கிட்டு ஜவாசாத்துல (சவூதி பாஸ்போர்ட் துறை) சொல்லணும், அதனால ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தத் துண்டைக் கிழிச்சுப் போட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லி வைங்க.