மிகுபுனைவு நாவல்கள் மெட்டல் பாடல்களுக்குப் பெயர்களை மட்டும்தான் தந்தனவா?

ஒற்றைத்தந்தி (கேள்வி)

ஹார்ட் ராக், மெட்டல் இசையைப் பற்றி யார் பேசினாலும் சிறிது நேரத்தில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற மிகுபுனைவு (fantasy) நாவலை எழுதிய டோல்கீனின் பெயர் வந்துவிடுகிறது. அந்தச் செல்வாக்கு எவ்வளவு ஆழமானது என்பதில்தான் எனக்கு ஐயம். லெட் செப்பெலின் குழுவின் ‘ரேம்பிள் ஆன்’ (1969) பாடலில் அந்த நாவலில் வரும் எதிரியின் இருண்ட நிலமான மோர்டோரும், மோதிரத்துக்காக அலையும் கோல்லுமும் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகின்றன. ஆனால் மோர்டோரின் இருளில் ஓர் அழகியைச் சந்தித்ததாகவும், கோல்லும் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டதாகவும் பாடுபவர் சொல்வது ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் எங்குமே நிகழாத ஒன்று. அந்தப் பெயர்களை எடுத்துவிட்டால் எஞ்சுவது, கால் போன போக்கில் அலையும் ஒருவனின் காதல் பாட்டுத்தான். இந்த நாவல்கள் பாடல்களுக்குப் பெயர்களையும் உறை ஓவியங்களையும் தந்ததோடு நின்றுவிட்டனவா, அல்லது இசையமைப்பு, வாத்தியத் தேர்வு, பாடலின் கட்டுமானம் ஆகியவற்றையும் மாற்றினவா? மாற்றின என்று கருதுபவர்கள் பாடலைச் சுட்டி விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

இரும்புச்செவி

‘ரேம்பிள் ஆன்’ பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க வழியில்லை. ஆனால் அதே குழு 1971-இல் வெளியிட்ட ‘த பேட்டில் ஆஃப் எவர்மோர்’ பாடலைக் கேட்டுப் பாருங்கள். கருப்புடையில் குதிரையேறி வரும் மோதிர ஆவிகள் இடம்பெறும் அந்தப் போர்ப்பாடலில் டிரம்ஸ் கிடையாது. ஜிம்மி பேஜ் மாண்டலின் வாசிக்க, ராபர்ட் பிளாண்ட் கதைசொல்லியாகவும், நாட்டார் இசையிலிருந்து வந்த சாண்டி டென்னி அவருக்கு மறுமொழி கூறும் மக்களின் குரலாகவும் பாடுகிறார்கள். ஒரு ராக் பாடலைக் கூத்தின் உரையாடல்போல இரு குரலாகப் பிரிக்கவேண்டிய தேவை கதையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். ரஷ் குழுவின் ‘ரிவெண்டெல்’ (1975) எல்ஃப்களின் உறைவிடத்தைப் பற்றிய பாடல். அதுவும் டிரம்ஸ் இல்லாத, மெல்லிய கிட்டாரோடு நகரும் தாலாட்டு. டோல்கீனின் நல்லவர்கள் பக்கம் நின்ற பாடல்கள் ஓசை தணிந்து போயின. கனத்த இசைக்கு எதிரியின் நிலம்தான் பிடித்திருந்தது. குழுக்களின் பெயர்களைப் பாருங்கள்: கலிஃபோர்னியாவின் சிரித் உங்கோல் (ராட்சதச் சிலந்தி ஷெலாப் வாழும் மலைக்கணவாய்), நார்வேயின் கோர்கோரோத் (மோர்டோரில் உள்ள பாழ்நிலம்), ஸ்வீடனின் அமோன் அமார்த் (மோதிரம் எரிந்தழிந்த எரிமலையின் எல்ஃப் மொழிப் பெயர்). நாவலின் அமைதியான நாட்டுப்புறமான ஷையர் என்ற பெயரை வைத்துக்கொண்டு எவரும் அவ்வளவு உரக்க வாசிக்க மாட்டார்கள். (அமோன் அமார்த் பெயரை டோல்கீனிடமிருந்து எடுத்துக்கொண்டு பாடல்களில் வைக்கிங்குகளிடம் போய்விட்டது. இது உங்கள் ஐயத்துக்கே வலுச்சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

கருவாள்

டோல்கீனையே மையமாக வைத்துக் கேட்டால் விடை பாதிதான் கிடைக்கும். மெட்டலுக்கு நெருக்கமான மிகுபுனைவு எழுத்தாளர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் நான் மைக்கேல் மூர்காக்கைச் சொல்வேன். 1961-இல் அவர் உருவாக்கிய எல்ரிக் நோயுற்ற, வெளிறிய அரசன். உயிர்களைக் குடிக்கும் ஸ்டார்ம்பிரிங்கர் என்னும் கரிய வாள்தான் அவனுக்கு வலுவூட்டுகிறது, அந்த வாளே அவன் நேசிப்பவர்களையும் கொல்கிறது. தன்னைத் தாங்கும் ஆயுதத்துக்கே அடிமையாகிப்போன இந்த நாயகனுக்கும், நன்மை வெல்லும் என்ற உறுதியோடு எழுதிய டோல்கீனின் உலகத்துக்கும் வெகுதூரம்.

மூர்காக் புத்தகங்களோடு நின்றவரும் அல்லர். ஹாக்விண்ட் குழுவுக்கு வரிகள் எழுதியும் மேடையில் அவர்களோடு கவிதை வாசித்தும் பங்காற்றினார். அக்குழுவின் ‘த கிரானிக்கிள் ஆஃப் த பிளாக் சோர்ட்’ (1985) பெரும்பாலும் எல்ரிக்கின் கதைதான். ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவின் ‘பிளாக் பிளேட்’ (1980) பாடலின் வரிகளிலும் அவர் பங்கு உண்டு. உங்கள் கேள்விக்கு அந்தப் பாடலையே விடையாகத் தருகிறேன். பாடலின் பெரும்பகுதி வாளைச் சுமப்பவனின் புலம்பல். முடிவில் அவன் குரல் விலகி, இயந்திரத்தால் திரிக்கப்பட்ட ஒரு குரலில் வாளே பேசத் தொடங்குகிறது. நாவலில் யார் யாரை ஆள்கிறார்கள் என்ற கேள்விக்கு மூர்காக் பக்கம் பக்கமாக எழுதிய விடை, இங்கே ஒரு குரல் மாற்றத்தில் வந்துவிடுகிறது. இதை வெறும் பெயர் கடன் என்று நான் சொல்லமாட்டேன்.

சிரித் உங்கோல் குழுவைப் பற்றி ஒன்று: பெயர் டோல்கீனுடையது, ஆனால் 1981-இல் வந்த முதல் ஆல்பத்தின் உறையில் இருப்பது மைக்கேல் வீலன் வரைந்த எல்ரிக்.

பழையதாள்

காலவரிசையையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954–55-இல் வெளிவந்தாலும், 1965-இல் அமெரிக்காவில் மலிவான பேப்பர்பேக் பதிப்புகள் வந்த பிறகுதான் மாணவர்கள் கைகளில் பெருமளவில் புழங்கியது. 1966 முதல் ஃபிராங்க் ஃபிரசெட்டாவின் அட்டை ஓவியங்களோடு வாள்வீரன் கோனனின் கதைகளும் பேப்பர்பேக்கில் வந்தன. முதல் ஹார்ட் ராக் குழுக்கள் உருவான ஆண்டுகளும் இவையே. பிளாக் சபாத் குழுவின் ‘த விசார்ட்’ (1970) வரிகளைக் கீசர் பட்லர் எழுதியபோது அவர் மனத்தில் இருந்தவர் டோல்கீனின் மந்திரவாதி காண்டால்ஃப். பாடலிலோ அந்தப் பெயர் இல்லை. தொடங்குவதும் ப்ளூஸ் பாணி ஹார்மோனிகாதான். பெயரை மட்டும் எடுத்தார்கள் என்கிறீர்கள். இங்கே பெயரைத் தவிர மற்றதை எடுத்திருக்கிறார்கள்.

ஒற்றைத்தந்தி

மூவருக்கும் நன்றி. ‘பிளாக் பிளேட்’ முடிவைக் கேட்டேன். அந்த இடத்தில் என் வாதம் தோற்றது. எனினும், இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. நீங்கள் சொன்ன பாடல்கள் அனைத்திலும் வரிகள் இருப்பதால், கதை எது இசை எது என்று பிரித்தறிய முடியவில்லை. வரிகளே இல்லாமல் ஒரு நாவலோ கதையோ இசைக்குள் வந்த சான்று உண்டா?

இரும்புச்செவி

உண்டு. மெட்டாலிகாவின் ‘த கால் ஆஃப் க்டுலு’ (1984). ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஓடும் அந்தப் படைப்பில் ஒரு சொல்கூட இல்லை. திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டை அக்குழுவுக்கு அறிமுகப்படுத்தியவர் பாஸ் கலைஞர் கிளிஃப் பர்டன். 1928-இல் வெளியான லவ்கிராஃப்டின் மூலக்கதையில் கடலடியில் உறங்கும் அந்த உருவத்தைச் சொற்களால் விவரிக்க முடியாது என்று கதைசொல்லியே கைவிரித்துவிடுகிறான். பாடலில் வரிகள் இல்லாதது எனக்கு அந்தக் கைவிரிப்பின் தொடர்ச்சியாகவே கேட்கிறது. தனிக் கிட்டாரின் மெல்லிய சுழற்சியில் தொடங்கி, அதன்மேல் ஒவ்வோர் அடுக்காக ஏறி, ஏதோ ஒன்று மேலெழுந்து வருவதைப்போலக் கனம் கூடிக்கொண்டே போகிறது. தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்டாலும் இந்த எழுச்சி காதில் விழும்; அது கடலிலிருந்துதான் வருகிறது என்பதைத் தலைப்பு இல்லாமல் உணர முடியுமா என்று கேட்டால், அங்கே நான் உங்கள் கட்சி.