ஏற்காட்டிலிருந்து ஜோத்பூருக்குப் படிக்கப் போகிறேன், அந்த வெயிலை எப்படிச் சமாளிப்பது?

பனிமூட்டம்_07:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஜோத்பூர் ஐஐடியில் சீட் கிடைத்திருக்கிறது. ஜோசாவில் (ஐஐடி, என்ஐடி சீட் ஒதுக்கும் கவுன்சிலிங்) பணமும் கட்டியாகிவிட்டது, அதனால் போகலாமா வேண்டாமா என்று கேட்க வரவில்லை. வெயிலைப் பற்றித்தான் கேட்க வந்தேன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஏற்காடு, அப்பா எஸ்டேட்டில் ரைட்டர், எங்கள் வீட்டில் இன்றுவரை ஃபேன் கிடையாது, மாட்டலாம் என்று நினைத்தாலும் மேலே கொக்கி இல்லை. கோச்சிங்குக்காக ரெண்டு வருஷம் சேலத்துக்குப் பஸ்ஸில் இறங்கி ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து அடிவாரம் வந்ததும் சுவெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணிப்பேன், சாயங்காலம் திரும்பும்போது பாதி மலையில் மறுபடி எடுத்துப் போடுவேன். அந்தச் சேலத்து வெயிலுக்கே மதியத்துக்கு மேல் தலைவலி, கழுத்து முழுக்க வேர்க்குரு. இந்த அழகில் ஜோத்பூருக்குச் "சூரிய நகரம்" என்றே பெயராம், அம்மா அதை போனில் படித்துவிட்டு நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. அங்கே படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? பொங்கலுக்கு வந்து போக முடியுமா? (இது அம்மா கேட்கச் சொன்னது.)

நேராப்_பேசுவேன்:
2016 மே 19ஆம் தேதி பலோடியில் 51 டிகிரி. இந்தியாவிலேயே அதிகம். அது எங்கே இருக்கிறது என்று மேப்பில் பார்த்துவிட்டு முடிவெடு. பக்கத்தில் திருச்சி என்ஐடி எல்லாம் கண்ணுக்குத் தெரியவில்லையா?

பனிமூட்டம்_07:
திருச்சி எனக்குக் கிடைக்கவில்லை அண்ணா. கிடைத்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

கொலுசுப்பட்டறை:
அவரை விடு கண்ணு. பலோடி ஜோத்பூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல், பாலைவனத்துப் பக்கம். நாங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசு செய்யும் வேலை. பக்கத்து வீட்டு சேட் குடும்பத்துக்குப் பாலி பக்கம் சொந்த ஊர், ஜோத்பூருக்குப் பக்கத்து ஜில்லா. அந்த வீட்டுப் பாட்டி இங்கே வந்து முப்பது வருஷம் ஆகியும் ஒவ்வொரு ஏப்ரலுக்கும் "உங்கள் சேலத்து வெயில் ஆகாது, எங்கள் ஊர் வெயில் தேவலை" என்று திண்ணையில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே திட்டும். இங்கே 40 டிகிரிதான், ஆனால் வேர்வை போகாமல் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, அங்கே காய்ந்துவிடும் என்பது அந்தப் பாட்டியின் கணக்கு. உனக்கு வரும் வேர்க்குருவும் அந்த ஜாதிதான், அங்கே போனால் குறையும் என்று தோன்றுகிறது. டாக்டர் இல்லை நான், கொலுசுக்காரன் சொல்கிறேன். இன்னொன்று, யாரைப் பார்த்தாலும் "கம்மா கணி" என்று ஒரு கும்பிடு போடு. மார்வாரில், அதாவது ஜோத்பூர்ப் பக்கத்தில், அதுதான் வணக்கம். அதற்கப்புறம் ஹிந்தி தப்பும் தவறுமாகப் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்.

மார்வார்_ரிட்டர்ன்:
நான் ஓமலூர்க்காரன், அதே ஜோத்பூரில் வேறொரு கல்லூரியில் நாலு வருஷம் இருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், அம்மாவையும் படிக்கச் சொல்லு.

முதலில் காலண்டரைப் பார். வகுப்பு ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ தொடங்கும். அது அங்கே மழைக்காலம். மழை என்றால் நம் மலை மழை இல்லை, வருஷம் முழுக்கச் சேர்த்தாலே முந்நூற்றைம்பது மில்லிமீட்டர் பக்கம்தான், உங்கள் ஏற்காட்டில் ஐப்பசியில் சில நாளில் கொட்டித் தீர்ப்பதை அங்கே ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் அந்த ரெண்டு மாதம் புழுக்கம் இருக்கும், நீ பயப்படும் அனல் இருக்காது. அக்டோபரில் கொஞ்சம் காயும். மார்ச் கடைசியிலிருந்துதான் அசல் வெயில், மே வந்தால் மத்தியானம் "லூ" என்று மேற்கிலிருந்து ஒரு காற்று, அடுப்பு வாயில் முகத்தை வைத்த மாதிரி. பரீட்சை முடித்துவிட்டு நீ பெரும்பாலும் அந்த நேரத்துக்கு ரயில் ஏறியிருப்பாய். நாலு வருஷத்தில் நான் ஜூனை அங்கே பார்த்தது ஒரே ஒரு தடவை, இன்டர்ன்ஷிப்புக்காகத் தங்கினபோது.

அப்புறம் யாரும் உனக்குச் சொல்லாதது, குளிர். ராஜஸ்தான்தானே, பாலைவனம்தானே என்று நான் முதல் வருஷம் ஒரு சுவெட்டர்கூட எடுத்துப் போகவில்லை. ஜனவரி ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஊர் மேற்கே இருப்பதால் விடியவே காலை ஏழரை ஆகும், எட்டு மணி வகுப்புக்குப் பல் டைப் அடிக்கப் போவேன். கடைசியில் ரூம்மேட்டின் போர்வையைச் சுற்றிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தேன், வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார், சேலம் என்றேன், எல்லாரும் சிரித்தார்கள். அடிவாரத்தில் கழற்றிப் பையில் திணிப்பாயே அந்தச் சுவெட்டர், அது கட்டாயம். அதைவிடத் தடிமனாக இன்னொன்றும் வேண்டும். ஏற்காட்டில் நீ பார்க்காத குளிரை வெயில் ஊரில் பார்ப்பாய்.

வெயிலைவிட உலர்ச்சிதான் ஏமாற்றும். வேர்ப்பது தெரியாது, வந்த உடனே காய்ந்துவிடும், அதனால் நமக்கு ஒன்றும் இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் திரிவோம், சாயங்காலம் மண்டை பிளக்கும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது இல்லை, எப்போதும் கையில் பாட்டில். ஓஆர்எஸ் பொட்டலம் நாலு. உதடு வெடிக்கும், முதல் ஏப்ரலில் எனக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, பயந்து ஓடினால் டாக்டர் வாசலின் தடவச் சொல்லி அனுப்பிவிட்டார். உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் மதிய வெயிலில் கிரவுண்டில் ஓடி வீரம் காட்டாதே. ஏசி இல்லாத அறை என்றால் ஏர் கூலர். நம் ஊரில் மழை நேரத்தில் கூலர் போட்டால் அறையே நச நச என்று ஆகும், அங்கே காய்ந்த காற்றுக்கு அது பிரமாதமாக வேலை செய்யும். ஜூலை ஆகஸ்டில் மட்டும் தண்டம்.

துணி விஷயத்தில் நீ சந்தோஷப்படுவாய். மூன்றாவது துணியைப் பிழிந்துகொண்டு இருக்கும்போது கொடியில் முதல் துணி காய்ந்திருக்கும். மலையில் பெல்ட்டிலும் செருப்பிலும் பூஞ்சை பூக்குமே, அந்தக் கதையே இல்லை. ஆனால் ஏப்ரல், மேயில் "ஆந்தி" வந்தால் மணல்காற்று, கொடியில் இருப்பதெல்லாம் மறுபடி துவைக்க வேண்டியதுதான். ஜன்னலைச் சாத்தாமல் வகுப்புக்குப் போனால் தலையணைக்குள் மண்.

ஐஐடி ஊருக்குள் இல்லை, நாகௌர் ரோட்டில் கர்வர் பக்கம், இருபது கிலோமீட்டருக்கும் மேல். நினைத்த நேரத்தில் போய் மிர்ச்சி வடா தின்றுவிட்டு வர முடியாது. ஆனால் போகும் அன்றைக்குப் பழைய ஊருக்குள் நடந்து பார், நீல வீடுகளுக்கு நடுவே சந்து அவ்வளவு குறுகல், மத்தியானத்திலும் நிழல் விழும். வெயில் ஊர்க்காரன் கட்டின ஊர் அது.

வெள்ளைச்சட்டை_வாத்தியார்:
மேலே தம்பி எழுதியது அத்தனையும் சரி. ஒரே ஒரு கூடுதல், பூகோளம். சூரியன் நேர் உச்சிக்கு வருவது சேலத்துக்குத்தான், ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும். ஜோத்பூர் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே ஒரு நாளும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்காது, ஜூனில் மிக நெருங்கி வரும், அவ்வளவுதான். பிறகு ஏன் அங்கே அவ்வளவு சூடு என்றால், கோடையில் அங்கே பகல் நம்மைவிட நீளம், மேகம் குறைவு, மண்ணில் ஈரம் இல்லாததால் வரும் வெப்பமெல்லாம் தரையையும் காற்றையுமே சுட வைக்கிறது. பலோடி பக்கம் பட்லாவில் 2,245 மெகாவாட் சோலார் பூங்காவைச் சும்மா வைக்கவில்லை. நம் பக்கத்திலும் ஜவ்வரிசி காயப்போடும் களத்துக்காரர்களைக் கேளுங்கள், வெயிலைத் திட்டும் ஆள் ஒருவரும் இருக்க மாட்டார்.

நேராப்_பேசுவேன்:
சரி, நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். நல்லபடியாகப் போய் வா தங்கச்சி.

அயோத்தியாப்பட்டணம்_அக்கா:
என் பையனும் ஜோத்பூரில்தான் இருக்கிறான், மூன்றாம் வருஷம். பனிமூட்டம், பொங்கலை மறந்துவிடு. தீபாவளியும் சந்தேகம். போக ரெண்டு ராத்திரி, வர ரெண்டு ராத்திரி ரயிலிலேயே போய்விடும், நாலு நாள் லீவில் என்ன செய்வது? டிசம்பர் லீவுக்கு வருவான், அவன் கிளம்புவதற்குள் ஒரு நாள் பொங்கல் வைத்துவிடுவேன், கரும்பு மட்டும் அந்த நேரத்தில் சரியாக அமையாது. முதல் வருஷம் அழுதேன், இப்போது பழகிவிட்டது, அவனுக்கு என்னைவிடச் சீக்கிரம் பழகியது, அதுதான் கோபம்.

ரயில் விஷயம் கேட்டுக்கொள். சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போகிற ராத்திரி வண்டியில் எழும்பூர் போய்விட்டால் அங்கிருந்து ஜோத்பூருக்கு வாராந்திர ரயில் உண்டு, பெங்களூரிலிருந்தும் உண்டு. சில வண்டியில் "பகத் கி கோட்டி" என்று போட்டிருக்கும், வேறு ஊர் என்று நினைத்து நான் ஒரு தடவை டிக்கெட் எடுக்காமல் விட்டேன், அது ஜோத்பூருக்குள்ளேயே இருக்கும் ஸ்டேஷன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, டிசம்பர் டிக்கெட்டுக்கு அக்டோபரில் காலை எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்கார்ந்துவிடு. பருத்தித் துணி, முழுக்கை, பெரிய துப்பட்டா. குடை உன்னிடம் இருக்கும், மலைக்காரிக்குச் சொல்ல வேண்டுமா, மழைக்குப் பிடித்ததை வெயிலுக்குப் பிடி. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எள்ளுப்பொடி. மெஸ்ஸில் சோறு போடுவார்கள், ஆனால் ரசம் என்று தருவதை ரசம் என்று சொல்லக் கூடாது.

பனிமூட்டம்_07:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மா எல்லாவற்றையும் ரெண்டு தடவை படித்தார், மூக்கில் ரத்தம் என்ற இடத்தை மட்டும் மூன்று தடவை. இப்போது சுவெட்டரை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார், வெயில்தான் இன்னும் வரவில்லை, காலையிலிருந்து பனி. அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்: அங்கே காப்பி கிடைக்குமா? இல்லை என்றால் எத்தனை கிலோ அரைத்துக் கொடுக்கட்டும் என்று கேட்கிறார். விடுதியில் ஃபில்டர் வைக்க விடுவார்களா?

மார்வார்_ரிட்டர்ன்:
எல்லாம் சாய்தான், காப்பி என்றால் இன்ஸ்டன்ட் தூள். ரெண்டு கிலோ கொண்டு போ, முதல் மாதத்திலேயே பாதியை ரூம்மேட்டுகள் குடித்துவிடுவார்கள். ஃபில்டருக்குக் கரன்ட் வேண்டியதில்லை, அதை யாரும் கேட்க மாட்டார்கள். கெட்டிலை மட்டும் வார்டன் கண்ணில் காட்டாதே.